தூத்துக்குடிக்கு ஒரு சரக்குக் கப்பல்

மூன்று வாரம் ஊரில் இருந்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். பேங்க் வேலை, பத்திர ஆபீஸ், அக்கா மகள் கல்யாணம் எல்லாம் நல்லபடியாக முடிந்தன. அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எழுத இருப்பது ஒரு பொம்மைக் கப்பல் பெட்டியைப் பற்றித்தான்.

ஸ்டுட்கார்ட்டில் என் வீட்டு நிலவறையில் 1960-களின் தூத்துக்குடி மீட்டர்கேஜ் லைனை மாதிரி ரயிலாகச் சிறிய அளவில் கட்டி வருகிறேன். அப்பா கூட்ஸ் ஷெட்டில் வேலை பார்த்த காலம் அது. அளவு 1:87, அதாவது நிஜத்தில் எண்பத்தேழில் ஒரு பங்கு. தண்டவாள இடைவெளி 12 மில்லிமீட்டர். ஒய்.ஜி. நீராவி எஞ்சின், உப்பு வேகன்கள், கடற்கரைக் கிட்டங்கிகள் எல்லாம் தயார். கரையோரம் அணைந்து நிற்க ஒரு சரக்குக் கப்பல்தான் பாக்கி. அதை ஊரிலேயே வாங்க வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம்.

ஒரு கடையின் இணையப் பக்கத்தில் லிபர்ட்டி என்ற, இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்கச் சரக்குக் கப்பலை நாமே ஒட்டிச் சேர்க்கும் கிட் இருந்தது. அளவு போடவில்லை. போன் செய்து கேட்டேன். “ரயிலுக்கு வைக்கிற அளவுதான் சார்.” மறுநாள் மறுபடியும் கேட்டேன். “எண்பத்தேழுதான் சார், சந்தேகமே வேண்டாம்.” நான்காம் நாள் கூரியரில் வந்த பெட்டியைக் கையில் வாங்கியதுமே நெஞ்சு சுருக்கென்றது. லிபர்ட்டி கப்பலின் நீளம் ஏறக்குறைய 135 மீட்டர். 1:87 என்றால் ஒன்றரை மீட்டருக்கு மேல் வர வேண்டும். வந்திருந்த பெட்டியோ என் முழங்கை நீளம். பக்கவாட்டில் பொடி எழுத்தில் 1:350 என்று அச்சிட்டிருந்தது.

பெட்டியைப் பிரித்தேன். பர்சில் எப்போதும் வைத்திருக்கும், 1:87 அளவில் செய்த மூட்டை தூக்கும் ஆள் பொம்மையை எடுத்து மேல்தளத்தின் மேல் நிறுத்தினேன். இரண்டு சென்டிமீட்டர் உயரம்தான் அவன். அந்தக் கப்பலின் கணக்குப்படி ஏழு மீட்டர் ஆள். கதவுகள் அவன் முழங்காலைக்கூட எட்டவில்லை.

கடைக்கு ஏழு முறை போன் செய்தேன். ஏழாவது முறை எடுத்தவர், “பிரித்த பொம்மையைத் திரும்ப எடுப்பதில்லை சார்” என்றார். பிரிக்காமல் எப்படிப் பார்ப்பது என்று கேட்டதற்கு லைன் துண்டிக்கப்பட்டது. ஜெர்மனியில் இணையத்தில் வாங்கிய பொருளைக் காரணமே சொல்லாமல் 14 நாளுக்குள் திருப்பிவிடலாம். பணத்தைக்கூட நான் விட்டுவிடுவேன். இரண்டு முறை கேட்டும் பெட்டியைத் திருப்பிப் பார்க்காமலே பதில் சொன்னதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அளவு தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லியிருக்கலாமே.

அந்தக் கோபத்தோடுதான் பழைய துறைமுகப் பக்கம் நடக்கப் போனேன். கரையில் ஒரு தோணிக்கு, சரக்கு ஏற்றும் பெரிய மரப் பாய்க்கலத்துக்கு, பலகை மாற்றிக்கொண்டிருந்தார்கள். வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த மேஸ்திரிக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். பேச்சு வாக்கில் என் லைனைப் பற்றியும் கப்பலைப் பற்றியும் சொல்லிவிட்டேன். பொறுமையாகக் கேட்டார்.

“தம்பி, அந்தக் காலத்தில் இங்கே கப்பல் எங்கே கரைக்கு வந்தது?” என்றார்.

தலையில் அடித்ததுபோல் இருந்தது. புதுத் துறைமுகம் பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்டது 1974-இல். அதற்கு முன் இந்தக் கரையில் கடல் ஆழம் போதாது. நீராவிக் கப்பல்கள் பல மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கு தோணியில் ஏறிக் கப்பலுக்குப் போகும், தோணியில் இறங்கிக் கரைக்கு வரும். வ.உ.சி.யின் காலியா, லாவோ கப்பல்களும் இப்படித்தான் வெளியே நின்றிருக்கும். அப்பா வாயால் எத்தனையோ தடவை கேட்ட கதை. ஹாம்பர்க் துறைமுகத்தைப் பார்த்துப் பார்த்து என் கண் மாறிப்போயிருந்தது. தண்டவாளத்தை ஒட்டி ஒன்றரை மீட்டர் கப்பலை நிறுத்தியிருந்தால் அது எந்த ஊராகவும் இருந்திருக்கும், தூத்துக்குடியாக இருந்திருக்காது.

“அண்ணாச்சி, எனக்கு ஒரு தோணி செய்து தர முடியுமா?” என்றேன்.

அளவு கேட்டார். எண்பத்தேழில் ஒன்று என்றேன். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துப் பலகையில் ஏதோ கிறுக்கினார். “நூறடித் தோணி என்றால் பதின்மூன்றே முக்கால் அங்குலம்.” சரியான கணக்கு. பிறகு ஒரு கேள்வி கேட்டார். இத்தனை வருடத்தில் எந்தக் கடையிலும் என்னிடம் கேட்காத கேள்வி: “பாரம் ஏற்றியதா, வெறுந்தோணியா?”

கப்பல் மாடல் தேர்ந்தெடுப்பவர்கள் எல்லோரும் முதலில் யோசிக்க வேண்டியது இதுதான். ரயில் காட்சியில் கப்பல் தண்ணீரில் நிற்கிறது. முழு அடிப்பாகத்தோடு வரும் கிட்டை நீர்மட்டத்தில் அறுத்தாக வேண்டும். பாரம் ஏற்றிய லிபர்ட்டி எட்டரை மீட்டர் ஆழம் அமிழும். 1:350-இல் அது 24 மில்லிமீட்டர். காலியாக இருந்தால் பாதி அடிவயிறும் வெளியே தெரியும். தப்பான கோட்டில் அறுத்துவிட்டால் ஏற்றுகிற கப்பலா இறக்குகிற கப்பலா என்பதே மாறிவிடும்.

பருத்திப் பொதி ஏற்றிக் கப்பலுக்குக் கிளம்பும் தோணி வேண்டும் என்றேன். ஐந்தே நாளில் மிஞ்சிய தேக்கில் செதுக்கித் தந்தார். அடி தட்டையாக, மேசைமேல் வைத்தால் தண்ணீரில் அமிழ்ந்து நிற்பதுபோலவே இருக்கிறது. விளிம்புப் பலகையில் நகத்தளவு இடைவெளிவிட்டு ஆணித் தடங்கள்கூடப் போட்டிருக்கிறார். பேசிய தொகைக்கு மேல் கொடுத்ததை வாங்க மறுத்துவிட்டார்.

வெளியே நிற்கும் கப்பலுக்கு 1:350 அளவும் பெரிதுதான். பின்சுவரை ஒட்டி வைத்தால் அரைக் கிலோமீட்டரில் நிற்பதுபோல் தெரியும். 1:700-இல் 19 சென்டிமீட்டர்க் கப்பல் ஒன்று வாங்கி, நிறத்தைக் கொஞ்சம் சாம்பலாக மங்கவைத்து அடிவானத்தில் நிறுத்தப் போகிறேன். கடைக்கு எழுதிய மூன்று கடிதங்களுக்கும் இன்றுவரை பதில் இல்லை.

விமானத்தில் முறியாமலிருக்கப் பாய்மரத்தை ஒட்டாமல் தனியாகக் கொடுத்தார் அண்ணாச்சி. அதன் அடியில் பென்சிலால் ஒரு கோடு கிழித்திருக்கிறார், எதுவரை உள்ளே இறங்க வேண்டும் என்று. இந்த ஞாயிற்றுக்கிழமை அதைப் பொருத்தப் போகிறேன்.