கேனோப்பி: நூலகம் காசு கட்டுகிறது, நீங்கள் பாருங்கள்

அமெரிக்காவிலோ ஆஸ்திரேலியாவிலோ படிக்கிறீர்களா? முதல் வேலையாக உங்கள் பல்கலைக்கழக நூலகத் தளத்தில் கேனோப்பி இருக்கிறதா என்று தேடுங்கள். 2008இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய வீடியோ சேவை இது, 2021இல் இதை நூலகங்களுக்கு மின்னூல் வழங்கும் ஓவர்டிரைவ் நிறுவனம் வாங்கியது. ஆவணப்படங்களும் உலக சினிமாவும் நிறைய உண்டு, விளம்பரம் கிடையாது. மாணவர் காசு கட்ட வேண்டியதில்லை. ஆசிரியர்களுக்கு இன்னும் நல்லது: படத்தில் தேவையான துண்டை மட்டும் வெட்டி, அந்த இணைப்பைப் பாடத்தளத்தில் போட்டுவிடலாம், பெரும்பாலான படங்களில் வசனம் எழுத்தாகவும் வருவதால் காது கேளாத மாணவருக்கும் சிரமமில்லை.

சிக்கல் செலவில்தான். பல நூலகங்கள் எடுத்த திட்டத்தில், ஒரு படத்தை 30 வினாடிக்கு மேல் நான்கு முறை யாராவது பார்த்தாலே நூலகம் அதற்கு உரிமம் வாங்கியாக வேண்டும். இப்படிப் பார்க்கப்படும் படங்கள் கூடக் கூட பில்லும் ஏறும், அதனால் சில நூலகங்கள் 'ஆசிரியர் கேட்டால் மட்டும்' என்று சுருக்கிவிட்டன. எனக்கு இது பிடிக்கவில்லை. நூலகர்களே, ஏற்கெனவே உரிமம் வாங்கிய படங்களைத் துறைவாரியாகப் பட்டியல் போட்டு, பருவம் தொடங்கும் முன்பே ஆசிரியர்களுக்கு அனுப்புங்கள், அப்புறம் உரிமக் காலம் முடியும்வரை அந்தப் படங்களை எத்தனை பேர் பார்த்தாலும் கூடுதல் செலவில்லை.