அசெட்டோ கோர்சா, காம்பெட்டிஸியோனே, ஆட்டோமொபிலிஸ்டா 2: நீண்டகாலப் பயன்பாட்டுக்குப் பின்

கார் பந்தய சிமுலேட்டர்களை ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் ஸ்கிரீன்ஷாட்டுகளை அருகருகே வைத்தே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். சில ஆண்டுகளாகத் தலைப்பிலுள்ள மூன்று சிமுலேட்டர்களையும் மாறி மாறி ஓட்டிவரும் எனக்கு அந்த முறை அதிகம் உதவியதில்லை. படம் எவ்வளவு அழகாக இருக்கிறது என்பதைவிட, அடுத்த வளைவுக்கு எங்கே பிரேக் மிதிக்க வேண்டும் என்பதை அது எவ்வளவு தெளிவாகக் காட்டுகிறது, தடங்கலின்றிச் சீராக வருகிறதா என்பவைதாம் ஓட்டுபவருக்கு வேண்டியவை. என்னிடம் இருப்பது 5 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை தரும், மோட்டாரோடு நேரடியாக இணைந்த டைரக்ட் டிரைவ் ஸ்டீயரிங், மிதிக்கும் அழுத்தத்தை அளக்கும் லோட் செல் பிரேக் பெடல், ஆறு கோர் பிராசசர், 12 ஜிபி நினைவகம் கொண்ட நடுத்தர கிராபிக்ஸ் கார்டு, 144 ஹெர்ட்ஸில் இயங்கும் 27 அங்குல மானிட்டர். இனிச் சொல்வதையெல்லாம் இந்த அமைப்பை வைத்தே படிக்க வேண்டும்.

இத்தாலியின் குனோஸ் சிமுலாட்சியோனி நிறுவனம் 2014 டிசம்பரில் முழுமையாக வெளியிட்ட அசெட்டோ கோர்சா இன்றும் என் கணினியிலிருந்து நீங்காமல் இருப்பதற்குக் காரணம் அதன் ஸ்டீயரிங்தான். ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் நோர்ட்ஷ்லைஃப தடத்தின் 20.8 கிலோமீட்டரும் லேசர் ஸ்கேன் மூலம் பதிவு செய்யப்பட்டவை என்பதால், ஃபுக்ஸ்ரோரெ இறக்கத்தின் அடியில் கார் சாலையோடு அழுந்தும்போது ஸ்டீயரிங் கனப்பதும், கருசெல் வளைவின் கான்கிரீட் பலகைகளின் இணைப்புகள் ஒவ்வொன்றாகக் கையில் தட்டுவதும் தனித்தனியே உணரக் கிடைக்கின்றன. முன்பு நான் வைத்திருந்த பல்சக்கர ஸ்டீயரிங்கில் இவை எல்லாம் ஒரே அதிர்வாகக் கலந்துபோயின. ஆகவே ஒரு சிமுலேட்டரின் ஃபோர்ஸ் ஃபீட்பேக்கை, அதாவது ஸ்டீயரிங் கைக்குத் தரும் எதிர்விசையை, குறைகூறுவதற்கு முன் எந்த ஸ்டீயரிங்கில் ஓட்டினோம் என்பதையும் சேர்த்துச் சொல்வதே நியாயம். வெளியானபோது இதில் மழையும் இல்லை, இரவும் இல்லை. கஸ்டம் ஷேடர்ஸ் பேட்ச் என்ற ரசிகர் படைப்புதான் ஒளி, வானிலை, இரவு என்று அதன் தோற்றத்தையே மாற்றிவிட்டது. ஆனால் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மோட் கார்கள் (ரசிகர்கள் உருவாக்கிச் சேர்ப்பவை) எல்லாம் ஒரே தரத்தவை அல்ல. உடல் ஒரு காருடையதாகவும் டயர் கணக்கு வேறொன்றினுடையதாகவும் இருப்பவை ஏராளம்; அவற்றை ஓட்டிவிட்டு சிமுலேட்டரின் இயற்பியலைப் பற்றி முடிவுகட்டுவது சரியாகாது.

அதே நிறுவனம் 2019 மே மாதம் முழுமையாக வெளியிட்ட காம்பெட்டிஸியோனே, ஜிடி3 பந்தயத்தை (சாலை ஸ்போர்ட்ஸ் கார்களிலிருந்து உருவான பந்தயக் கார்களின் வகை) மட்டுமே மையமாகக் கொண்டு தொடங்கியது. அந்தக் குறுகிய எல்லைதான் அதன் பலம். இயற்பியல் கணக்கு நொடிக்கு 400 முறை நடக்கிறது. முந்தைய அசெட்டோ கோர்சாவில் டயர் ஒரே புள்ளியில் சாலையைத் தொடுவதாகக் கொண்ட கணக்கு, இதில் ஐந்து புள்ளிகளாக விரிந்திருக்கிறது. இதன் பலனைக் கெர்ப் (தடத்தின் ஓர மேடு) மீது ஏறும்போது அறியலாம்: டயரின் உள்விளிம்பு மட்டும் ஏறியதா, முழு டயரும் ஏறியதா என்பது கையில் வேறுபட்டே வந்து சேர்கிறது. டயரின் காற்றழுத்தம் ஓரிரு பிஎஸ்ஐ தவறினாலும் கார் வளைவின் நடுவில் வேறு வண்டியாகிவிடுகிறது. தடத்தின் வெப்பநிலை மாறினால் அதே செட்டப் (காருக்கு வைத்த அமைப்பு அளவுகள்) பொருந்துவதில்லை. மழை வந்தால் வழக்கமான ரேசிங் லைன் (கார்கள் வேகமாகச் செல்லும் பாதை) வழுக்குகிறது, மழை நின்றபின் கார்கள் ஓடி ஓடி உலர்ந்த பாதை ஒன்று மெல்ல உருவாகிறது. இந்த நுணுக்கங்களில் நான் ஓட்டியவற்றுள் இதற்கே முதலிடம் தருவேன்.

கிராபிக்ஸில்தான் சிக்கல். அன்ரியல் எஞ்ஜின் 4 தரும் ஒளியும் ஈரச்சாலைப் பளபளப்பும் மறுக்க முடியாத அழகு. ஆனால் முந்தைய ஃபிரேம்களை (திரையில் அடுத்தடுத்து வரும் படங்களை) கலந்து விளிம்புகளை மென்மையாக்கும் டிஏஏ முறை, தொலைவில் உள்ளவற்றையும் சேர்த்து மங்கலாக்குகிறது. இத்தாலியின் மோன்சா தடத்தின் நேர்பாதையில் மணிக்கு 270 கிலோமீட்டரை நெருங்கும் வேகத்தில் முதல் சிக்கேனை (வேகத்தைக் குறைக்கவைக்கும் எதிரெதிர் வளைவுகளை) நோக்கிச் செல்லும்போது கண் தேடுவது மரங்களையோ மேகங்களையோ அல்ல, பிரேக்கிங் தூரப் பலகைகளை. அவைதான் குழைந்து தெரிகின்றன. ரெசல்யூஷன் அளவை உயர்த்தினால் பலகைகள் தெளிகின்றன, ஆனால் ஃபிரேம் எண்ணிக்கை விழுகிறது. இதற்கு மாறாக, முந்தைய ஃபிரேம்களைக் கலக்காத எம்எஸ்ஏஏ முறையில் விளிம்புகளைச் சீராக்கும் பழைய அசெட்டோ கோர்சா, ஓவியமாகப் பார்த்தால் எளியதாக இருந்தாலும், ஓட்டுவதற்கு வேண்டிய தகவலைக் கூர்மையாகவே தருகிறது.

ஃபிரேம்கள் குறைவதை எண்ணிக்கையாக மட்டும் பார்க்காமல் தூரமாகவும் பார்க்க வேண்டும். மணிக்கு 200 கிலோமீட்டரில் ஒரு கார் நொடிக்கு ஏறத்தாழ 55.6 மீட்டர் கடக்கிறது. நொடிக்கு 60 ஃபிரேம்களில் ஓடினால் ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் இடையே அது கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நகர்ந்திருக்கும். 50 மில்லி நொடித் தடங்கல் ஒன்று வந்தால் ஏறக்குறைய 2.8 மீட்டர் தூரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். அதனால்தான் 80-க்கும் 140-க்கும் இடையே அலையும் ஃபிரேம்களைவிட 90-இல் பூட்டிய ஃபிரேம்கள் எனக்கு நம்பகமாக இருக்கின்றன. பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில் முப்பது கார்களோடு பந்தயம் தொடங்கும் நேரத்தில் திணறுவது பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டு அல்ல, ஒவ்வொரு எதிராளி காரின் இயக்கத்தையும் கணக்கிடும் பிராசசர்தான். அந்த நேரத்தில் நிழலைக் குறைப்பதைவிட எதிராளி கார்களின் எண்ணிக்கையைக் குறைப்பது பலன் தருகிறது. எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) பெரிதாக உள்ள பிராசசர்கள் சிமுலேட்டர் ஓட்டுவோரிடையே பெயர் பெற்றதும் இதனாலேயே.

பிரேசிலின் ரெய்சா ஸ்டூடியோஸ் 2020-இல் வெளியிட்ட ஆட்டோமொபிலிஸ்டா 2, ப்ராஜெக்ட் கார்ஸ் விளையாட்டு வரிசையில் பயன்பட்ட மேட்னஸ் எஞ்ஜினில் இயங்குகிறது. மழை, இரவு, நிறைய கார்கள் மூன்றும் ஒன்றுசேர்ந்தாலும் என் கணினியில் நிதானம் இழக்காதது இது ஒன்றே. தொடக்கத்தில் கார்கள் வழுக்கும்போது மிதப்பதுபோன்ற உணர்வு இருந்தது, 1.5, 1.6 பதிப்புகளில் டயர் கணக்கைத் திருத்தியபின் அது பெரிதும் அடங்கியிருக்கிறது, முற்றிலும் போகவில்லை. குறைந்த திறனுள்ள ஃபார்முலா வீ காரை எடுத்துக்கொண்டு 1970களின் நீண்ட இன்டர்லாகோஸ் தடத்தில் ஓட்டுவதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்தது: வளைவில் வேகத்தை இழந்தால் அடுத்த நேர்பாதை முழுவதும் அதற்கான தண்டனை தொடரும்.

இந்த மூன்றுக்கும் வெளியே, 2008-இல் தொடங்கிய ஐரேஸிங் என்ற சிமுலேட்டரின் மதிப்பு அதன் படத்தில் இல்லை, ஒழுங்கான ஆன்லைன் போட்டியில் இருக்கிறது. சந்தாவோடு கார்களையும் தடங்களையும் தனித்தனியே வாங்கும் செலவு எனக்குக் கட்டுப்படியாகாததால் அதை நீண்ட காலம் தொடரவில்லை. மோதினால் கார் எப்படி நசுங்கும் என்பதே மெய்ம்மை என்று கருதுபவருக்கு பீம்என்ஜி டிரைவ் என்ற சிமுலேட்டர் ஒன்றே போதும்.

எதை வாங்கினாலும் முதலில் திருத்த வேண்டியது பார்வைக் கோணம், அதாவது திரை எவ்வளவு அகலமான காட்சியைக் காட்டுகிறது என்ற அமைப்பு. 27 அங்குலத் திரையிலிருந்து 70 செ.மீ. தள்ளி அமர்ந்தால் சரியான செங்குத்துக் கோணம் சுமார் 27 பாகைதான். முதல் நாள் காக்பிட் குறுகியதாகவும் கார் மெதுவாகச் செல்வதாகவும் தோன்றும், ஆனால் வளைவுகளின் தூரம் உண்மையான அளவில் தெரியத் தொடங்கும். மேலும், பின்பார்வைக் கண்ணாடிக்காக அதே காட்சி இன்னொரு முறை வரையப்படுவதால் அதன் தரத்தையும், காரின் மீதான பிரதிபலிப்பு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்பதையும் குறைத்தால் ஓட்டும்போது எந்த இழப்பும் தெரிவதில்லை. நான் மிச்சப்பட்ட திறனை ரெசல்யூஷனுக்குக் கொடுத்துவிடுகிறேன். மோன்சாவின் பலகைகள் இப்போது படிக்கும்படி இருக்கின்றன.