ஒட்டும் சாக்ஸபோன் பேட்: பவுடர் தாளா, லைட்டர் பெட்ரோலா?

புதுச்சேரி, கடலூர் பக்கம் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் சாக்ஸபோனில் முதலில் மக்கர் பண்ணுவது ஜி ஷார்ப் சுரத்தின் கீதான். அதன் பேட், அதாவது துளையை அடைக்கும் தோல் வட்டு, கீயை அழுத்தாதவரை மூடியே இருக்கும். விரலை அழுத்தினாலும் அதைத் தூக்குவது ஒரு மெல்லிய ஸ்பிரிங் மட்டுமே. கல்யாண வீட்டில் கேசரியும் காபியும் முடித்து அப்படியே ஊதினால், எச்சிலோடு போகும் சர்க்கரை பேடின் தோலில் பிசினாகப் படியும். அப்புறம் அந்த ஸ்பிரிங்கால் முடியாது.

பவுடர் தாள், அதாவது பவுடர் பூசிய மெல்லிய தாள், அவசரத்துக்கு நல்லது. பேடுக்கும் துளை விளிம்புக்கும் நடுவே வைத்து, கீயை இரண்டு மூன்று முறை மூடித் திறந்தால் பிசுபிசுப்பு போய்விடும். ஆனால் அழுக்கு அங்கேயேதான் இருக்கிறது. அடுத்த ஈரத்தில் பவுடரும் சேர்ந்து மாவுபோல் அப்பிக்கொள்ளும்.

சிகரெட் லைட்டரில் ஊற்றும் லைட்டர் பெட்ரோல் அழுக்கையே எடுக்கும். பசை ஓரத்தை வெட்டிய, சிகரெட் சுருட்டும் தாளில் இரண்டு சொட்டு விட்டு, பேடை லேசாக மூடி, சில நொடி கழித்துத் திறந்து எடுங்கள். தாளில் பழுப்பு வளையம் விழும். வளையம் வராதவரை புதுத் தாள் மாற்றுங்கள். இறுக அழுத்தியபடி இழுத்தால் தோல் கிழியும். துளை விளிம்பையும் காது குடையும் பஞ்சுக் குச்சியால் துடைக்க வேண்டும். பலர் விடுவது இதைத்தான். பக்கத்தில் விளக்கு, ஊதுபத்தி கூடாது. சானிடைசர் வேண்டாம், தோல் வறண்டுவிடும்.

மேடையில் பவுடர் தாள், வீட்டில் லைட்டர் பெட்ரோல். வாசித்ததும் ஈரத்தை ஒற்றி எடுத்தால் இரண்டுமே அபூர்வமாகத்தான் தேவைப்படும்.