மெகல்லன் வெள்ளி ரேடார் மேப்: 4/5, ஃபோட்டோன்னு நினைச்சு ஓப்பன் பண்ணாதீங்க

யுஎஸ்ஜிஎஸ் (அமெரிக்க புவியியல் ஆய்வு அமைப்பு) சைட்ல ஃப்ரீயா கிடைக்கிற வெள்ளி கிரக ரேடார் மொசைக் (துண்டு துண்டா எடுத்த படங்களை ஒட்டிச் சேர்த்த மேப்) பத்தி தமிழ்ல யாரும் எழுதின மாதிரி தெரியல, அதான். டேட்டா நாசாவோட மெகல்லன் விண்கலம் 1990ல இருந்து 1994 வரை வெள்ளியைச் சுத்தினப்போ எடுத்தது, கிரகத்துல 98% கவர் ஆயிருக்கு. அங்க எந்நேரமும் கெட்டி மேகம், சாதா கேமராவுக்கு தரையே தெரியாது, 12.6 செ.மீ. ரேடார் அலை அதுக்குள்ள நுழைஞ்சு போய் தரையைத் தொட்டுட்டு வந்துடும்.

இதுல பளிச்சுன்னு தெரியறதெல்லாம் வெள்ளைப் பாறை கிடையாது. ரேடார் பக்கவாட்டுல சாய்வா அடிக்குது, வழவழப்பான சமவெளில பட்டா சிக்னல் அப்படியே அந்தப் பக்கம் தெறிச்சு போயிடும், அதனால கருப்பு. கரடுமுரடான லாவா நாலாபக்கமும் சிதறடிக்கும், அதுல கொஞ்சம் திரும்பி வரும், அதான் வெளிச்சம். இது புரிஞ்சப்புறம் ஒவ்வொரு லாவா ஓட்டத்தையும் தனித்தனியா பிரிச்சு பாக்கலாம், செம!

ரொம்ப பிடிச்சது மேக்ஸ்வெல் மலை. சுமார் 11 கி.மீ. உயரம், ஒரு மட்டத்துக்கு மேல திடீர்னு ஜொலிக்குது, அதுக்கு கரடுமுரடு மட்டும் காரணம் இல்ல, ஏன்னா அதே ஆன்டெனா தரையில இருந்து தானா வர்ற மைக்ரோவேவையும் அளந்துச்சு, அது அந்த உச்சில ரொம்ப கம்மி. அதாவது மேல மின்பண்பே வேற மாதிரி இருக்கிற ஏதோ பூச்சு. என்ன பொருள்னு இன்னும் அடிதடிதான்.

குறைன்னா உயரக் கணக்கு. படம் 75 மீட்டர் பிக்சல் (நிஜமா பிரிச்சு காட்டறது 100 மீட்டருக்கு மேலதான்), ஆனா ஆல்டிமீட்டர் (உயரம் அளக்கிற கருவி) ஒரு தடவைக்கு 10 கி.மீ.க்கும் மேல அகலமான இடத்தை மொத்தமா சேர்த்து அளக்குது. நெட்ல சுத்துற ஆரஞ்சு 3டி மாட் மான்ஸ் எரிமலை இருக்கே, அதுல உயரத்தை பல மடங்கு இழுத்திருக்காங்க, கலரும் சோவியத் வெனேரா விண்கலங்கள் எடுத்த படங்களைப் பாத்து பூசினது. நிஜத்துல அது படுத்த மாதிரி மேடு.

ஆனா அதே மாட் மான்ஸ்லதான் 2023ல விஞ்ஞானிகள் ஹெரிக்கும் ஹென்ஸ்லியும் மெகல்லனோட 1991 பிப்ரவரி, அக்டோபர் படங்களை ஒப்பிட்டு ஒரு எரிமலை வாய் சுமார் 2 சதுர கி.மீ.ல இருந்து 4க்கு பெருசானதை கண்டுபிடிச்சாங்க! ரெண்டும் வேற வேற கோணம், சிமுலேஷன் போட்டுத்தான் உறுதி பண்ணாங்க. முப்பது வருஷம் சும்மா கிடந்த டேட்டா பாஸ்.

டவுன்லோட் பண்றவங்க முழு மொசைக்ல கைய வைக்காதீங்க, ஃபைல் பயங்கர சைஸ், வேணுங்கற ஏரியா மட்டும் எடுங்க. லெஃப்ட் லுக்ல (ரேடார் இடது பக்கம் பாத்து எடுத்த மேப்) ஆரம்பிங்க, அதுலதான் இடைவெளி கம்மி, ரைட் லுக் அப்புறம் பாத்துக்கலாம்.