சினிமாப் பாட்டா, சொந்தப் பாட்டா?

மதுரைப் பக்கம் பாட்டு எழுதும் பிள்ளைகள் பலர் சென்னைக்குப் பஸ் ஏறுவதுதான் வழி என்று நினைக்கிறார்கள். அந்த வழியில் பெரிய பெயர்கள் உண்டு. சிறுகூடல்பட்டியிலிருந்து கண்ணதாசன் போனார், வடுகபட்டியிலிருந்து வைரமுத்து; இவருடைய முதல் பாட்டு 1980இல் ‘நிழல்கள்’ படத்தில் வந்தது. ஆனால் சினிமாவில் பெரும்பாலும் மெட்டுதான் முதலில். மெட்டைச் சொல்லும் ‘தன்னன தானா’ போன்ற தத்தகாரத்துக்குள் சொல்லை உட்கார வைக்க வேண்டும், இயக்குநர் கேட்டால் பல்லவியையே மாற்ற வேண்டும். அந்தப் பயிற்சிக்கு ஈடில்லை என்பேன்.

சொந்தமாக வெளியிட்டால் செல்லூரையும் தல்லாகுளத்தில் அழகரை வரவேற்கும் எதிர்சேவையையும் நம்ம பேச்சிலேயே எழுதலாம், யாரும் வெட்ட மாட்டார்கள். பதிவுச் செலவு மட்டும் நம் தலையில்.

பணம் என்று வந்தால், 2012 காப்புரிமைச் சட்டத் திருத்தத்தை அவசியம் படியுங்கள். படத்துக்கு எழுதினாலும், தியேட்டரில் படம் ஓடுவது தவிர மற்றப் பயன்பாடுகளில் பாடலாசிரியருக்கு ராயல்டியில் பங்கு உண்டு. அதை வாரிசுக்கோ, ராயல்டியை வசூலித்துக் கொடுக்கும் ஐபிஆர்எஸ் போன்ற காப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது. இது தெரியாமல் கையெழுத்துப் போடும் பிள்ளைகளை நினைத்தால் மனசு கனக்கிறது.

சரி, என் தேர்வு? முதலில் ஊரிலிருந்தே நாலைந்து சொந்தப் பாட்டு, அப்புறம் சென்னை. வாய்ப்புக் கேட்டுப் போகும்போது இசையமைப்பாளரிடம் போட்டுக் காட்ட ஏதாவது இருக்கும்.