பெங்களூரில் வேலை, சேலத்தில் வீட்டுக்கடன்: ஐந்து வருட அனுபவம்

2021 தொடக்கத்தில் சேலத்தில் வீடு கட்ட 35 லட்சம் கடன் வாங்கினேன். வேலை அப்போதும் இப்போதும் பெங்களூர் எலக்ட்ரானிக் சிட்டியில். நடுவில் கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர், ஒரு மாநில எல்லை, தொப்பூர் கணவாய். அப்பா அம்மா இருக்கும் ஊர், அப்பா என் பெயருக்கு எழுதிக் கொடுத்த மனை. அதனால் எங்கே கட்டுவது என்ற கேள்வியே எழவில்லை. எந்த வங்கியில் வட்டி குறைவு என்று நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். சம்பளம் ஓர் ஊரிலும் வீடு இன்னோர் ஊரிலும் இருப்பவருக்கு இந்தக் கடன் எப்படி இருக்கும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் சம்பளக் கணக்கு இருந்த பெங்களூர் கிளைக்குத்தான் போனேன். தகுதி எல்லாம் சரி என்றார்கள். பத்திரக் கட்டைப் பிரித்ததும் அதிகாரி முகம் மாறியது. பட்டா, வில்லங்கம், மூலப் பத்திரம் எல்லாமே தமிழில். சேலத்தில் எங்கள் பேனல் வக்கீலுக்கு (வங்கிக்காகப் பத்திரம் சரிபார்ப்பவர்) அனுப்புகிறோம் என்றார்கள், அனுப்பினார்கள், அப்புறம் சத்தமே இல்லை. கேட்டால் பெங்களூர் சேலத்தைக் கைகாட்டும், சேலம் பெங்களூரைக் கைகாட்டும். கடைசியில் அந்த விண்ணப்பத்தை விட்டுவிட்டு, சேலத்திலேயே வேறொரு வங்கிக் கிளையில் கொடுத்தேன். வட்டி கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் வக்கீல், மதிப்பீட்டு இன்ஜினியர், மேனேஜர் மூவரும் ஒரே ஊரில் இருந்தார்கள். நான் போக முடியாத நாளில் அப்பா ஸ்கூட்டரில் போய்ப் பேசிவிட்டு வந்தார். இந்த ஒரு வசதிக்கு 0.1 சதவீதம் கூடக் கொடுக்கலாம் என்பது என் கட்சி.

வக்கீல் முப்பது வருட வில்லங்கம் கேட்டார், அது ஆன்லைனில் கிடைத்தது. சிக்கல் வேறு இடத்தில். தாத்தா வாங்கிய பழைய பத்திரத்தில் இருந்தது பழைய சர்வே எண். பட்டாவில் இருப்பது உட்பிரிவு ஆன பிறகு வந்த எண். நான்கெல்லை சொல்லும் இடத்தில் "கிழக்கே வண்டிப்பாதை" என்று இருந்தது, அந்த வண்டிப்பாதை இன்று தார் ரோடு. இரண்டும் ஒரே நிலம்தான் என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும், காகிதத்துக்குத் தெரியாதே. தாலுகா ஆபீஸில் நில வரைபடம் எடுத்து, தாத்தாவின் வாரிசுச் சான்றிதழையும் வைத்துத்தான் கோர்வைக்குக் கொண்டுவர முடிந்தது. வெளியூரில் இருப்பவர்கள் கடனுக்கு விண்ணப்பிக்கும் முன்பே இதை முடித்து வையுங்கள். வங்கி கேட்ட பிறகு ஆரம்பித்தால் ஒவ்வொரு காகிதத்துக்கும் ஒரு நாள் லீவு போகும்.

இனி சொல்வதுதான் முக்கியம். கடன் தகுதியைக் கணக்குப் போட்ட அதிகாரி சம்பளச் சீட்டைப் பார்த்தார், வேறு இஎம்ஐ (மாதத் தவணை) இருக்கிறதா என்று கேட்டார், சிபில் (பழைய கடன்களை ஒழுங்காகக் கட்டினோமா என்று காட்டும் மதிப்பெண்) பார்த்தார். வாடகை எவ்வளவு கொடுக்கிறாய் என்று கேட்கவே இல்லை. வீடு கட்டினால் அதில் குடிபோவான், வாடகை நின்றுவிடும் என்பது அந்தக் கணக்கில் சொல்லாமலே இருக்கிறது. எங்கள் கதையில் வாடகை நிற்காது. பெங்களூர் வாடகையும் சேலம் இஎம்ஐயும் பக்கத்துப் பக்கத்து வரிகளாக ஒவ்வொரு மாதமும் கணக்கிலிருந்து போகும், கூடவே போக்குவரத்துச் செலவு. வங்கி எனக்கு 48 லட்சம் வரை தருவதாகச் சொன்னது. நானும் மனைவியும் உட்கார்ந்து, வாடகையும் இஎம்ஐயும் சேர்ந்து கைக்கு வரும் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கில் 35தான் வந்தது. அப்போது எங்கள் ஆபீஸில் எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை. இனிமேல் இப்படித்தான் என்று நம்பி, பெங்களூர் வாடகையைக் கணக்கிலிருந்தே அடித்துவிட்டு அதிகம் வாங்கிய நண்பர்கள் உண்டு. ஆபீஸ் திரும்பக் கூப்பிட்டபோது அவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

கட்டுமானக் கடன் மொத்தமாகக் கைக்கு வராது. பேஸ்மென்ட், லிண்டல், தளம், பூச்சு என்று கட்டம் கட்டமாகத்தான் விடுவார்கள். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையான கடனில் சொத்து மதிப்பில் 80 சதவீதம்தான் வங்கி தரலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. நம் பங்கு முதலில் உள்ளே போயிருக்க வேண்டும். ஒரு கட்டம் முடிந்து, இன்ஜினியர் பார்த்து, ரிப்போர்ட் போய், பணம் வர இரண்டு வாரம் ஆகலாம். மேஸ்திரி இரண்டு நாள்கூடக் காத்திருக்க மாட்டார், ஆட்களை வேறு சைட்டுக்கு ஓட்டிவிடுவார். அதனால் ஒரு கட்டத்துக்கான தொகை கையிருப்பாக இருந்தே ஆக வேண்டும். இன்னொன்று, வெள்ளி இரவு பஸ் ஏறி சனிக்கிழமை வங்கி வேலையை முடிக்கலாம் என்று நினைத்தால் இரண்டாவது, நான்காவது சனி வங்கிகளுக்கு விடுமுறை. சொத்து ஆவண ஒப்படைப்பை, அதாவது பத்திரங்களைக் கடனுக்கு ஈடாக வங்கியிடம் கொடுப்பதை, பதிவு செய்யும் நாளில் கூட்டுக் கடன்தாரரான மனைவியும் நேரில் வந்து கைரேகை வைக்க வேண்டியிருந்தது. அதற்கு இருவரும் லீவு.

வட்டி விஷயம். நான் வாங்கியபோது 6.9 சதவீதம், இருபது வருடம், இஎம்ஐ சுமார் 26,900. ரெப்போவோடு, அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டியோடு, இணைந்த கடன்; அது ஏறினால் நம் வட்டியும் ஏறும். 2022 மே மாதம் 4 சதவீதத்திலிருந்து ஏற ஆரம்பித்த ரெப்போ 2023 பிப்ரவரியில் 6.5க்குப் போனது. என் வட்டி 9.4 ஆனது. மேனேஜர் இஎம்ஐயை மாற்ற வேண்டாம், காலத்தை நீட்டிக்கொள்ளலாம் என்றார். கேட்க இதமாக இருந்தது. கால்குலேட்டரில் போட்டால், அதே தவணையில் மீதிக் கடன் தீர முப்பத்தாறு வருடத்துக்கு மேல் ஆகும்! தவணையில் அசலுக்குப் போவது ஆயிரம் ரூபாய்கூட இல்லை. பழைய காலத்துக்குள் முடிக்க இஎம்ஐ ஏறத்தாழ 32,000 ஆக வேண்டும். கையெழுத்துப் போட்டு ஏற்றிவிட்டேன். மாதம் ஐந்தாயிரம் கூடுதல். அந்தப் 'பாதிச் சம்பளம்' கோட்டில் நாங்கள் விட்டுவைத்திருந்த இடைவெளி இதற்குத்தான் உதவியது. 2025இல் ரெப்போ படிப்படியாக 5.25க்கு இறங்கியபோது தவணையைக் குறைக்கச் சொல்லவில்லை; காலம் தானாகச் சுருங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வரியில் ஒரு நல்ல செய்தி இருந்தது. வேலை காரணமாக வேறு ஊரில் வாடகைக்கு இருப்பவர், பழைய வருமான வரி முறையில் வீட்டு வாடகைப் படி விலக்கும் பெறலாம், சொந்த வீட்டுக் கடன் வட்டிக்கு 2 லட்சம் வரை கழிவும் பெறலாம். ஆபீஸ் கணக்குப் பிரிவில் இரண்டில் ஒன்றுதான் என்று அடம்பிடித்தார்கள்; ஆடிட்டர் ஒரு மெயில் போட்டதும் அடங்கினார்கள். புதிய வரி முறையில் நாமே இருக்கும் வீட்டின் வட்டிக்குக் கழிவு கிடையாது. அதனால் வருடா வருடம் இரண்டு முறையிலும் போட்டுப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறேன்.

இப்போது வேறொரு வங்கி குறைந்த வட்டி காட்டி கடனை மாற்றிக்கொள்ளச் சொல்லி அடிக்கடி போன் செய்கிறது. என்னுடையது போல வட்டி மாறும் கடனிலிருந்து அபராதம் இல்லாமல் வெளியேறலாம் என்பது உண்மை. ஆனால் மறுபடி வக்கீல் கருத்து, மறுபடி மதிப்பீடு, பழைய ஒப்படைப்பை ரத்து செய்து புதிதாகப் பதிவு, அதற்கு மறுபடி இருவரும் சேலம். அரை சதவீதத்துக்குக் குறைந்த வித்தியாசத்துக்கு நான் நகர்வதாக இல்லை. இருக்கும் வங்கியிலேயே ஒரு கட்டணம் கட்டி வட்டியைக் குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன், பதில் வரவில்லை. அடுத்த வாரம் அப்பா நேரில் போய்க் கேட்பதாகச் சொல்லியிருக்கிறார்.