ஆன்டிவைரஸ் வாயை மூட வைத்த கதை: ஆறு வருட அனுபவம்

2019 கடைசியில் கும்பகோணத்தில் ஒரு கடையில் சொல்லி அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் இது. எட்டாம் தலைமுறை ஐ3, 8 ஜிபி ராம், 1 டிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. பில்லின் கடைசி வரியில் மூன்று வருட ஆன்டிவைரஸ் ஒன்றையும் கடைக்காரர் சேர்த்திருந்தார். "இது இல்லாம கொடுக்க மாட்டோம் சார், நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா எங்களைத்தான் சொல்வீங்க" என்றார். அதன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. இலவசமாகவோ காசுக்கோ வேறு ஒன்றை வைத்திருக்கும் நண்பர்கள் வீட்டிலும் கிட்டத்தட்ட இதே கூத்தைத்தான் பார்த்திருக்கிறேன்.

வீட்டில் இதை அதிகம் பயன்படுத்துவது நானல்ல, அப்பா. கூட்டுறவு வங்கியில் ஓய்வு பெற்றவர். சுற்றுவட்டாரக் கோயில்களின் தல வரலாற்றைத் தமிழ்99 விசைப்பலகையில் பொறுமையாகத் தட்டிச் சேர்த்துக்கொண்டிருக்கிறார். மனைவி டியூஷனுக்கு வினாத்தாள் தயாரிப்பாள். பிரிண்டர் கிடையாது, பென் டிரைவில் போட்டு ஜெராக்ஸ் கடைக்குத்தான் போக வேண்டும். இந்தப் பென் டிரைவ் பின்னால் மறுபடி வரும்.

முதல் ஆறு மாதம் பெரிய தொந்தரவில்லை. அதற்கு அப்புறம் வலது கீழ் மூலையில் வரிசையாக வர ஆரம்பித்தன. உங்கள் கம்ப்யூட்டரில் இத்தனை எம்பி குப்பை இருக்கிறது, சுத்தம் செய்யவா? உங்கள் ஐபி முகவரி வெளியே தெரிகிறது, அதை மறைக்கும் விபிஎன் சேவையை வாங்குங்கள். இந்த வாரம் உங்களைப் பாதுகாத்தோம், சிக்கிய வைரஸ் பூஜ்யம். அந்த ஐபி முகவரி அறிவிப்பைப் பார்த்து அப்பா ஒரு நாள் நிஜமாகவே பயந்துவிட்டார். நீங்கள் திறக்கும் ஒவ்வொரு இணையதளத்துக்கும் ஐபி முகவரி தெரிந்தால்தான் பக்கத்தை அனுப்பவே முடியும், தபால்காரருக்கு வீட்டு நம்பர் தெரிவதைப் போலத்தான் என்று சொல்லிப் புரியவைத்தேன். ஒன்றுமில்லாத விஷயத்துக்குச் சிவப்புக் கலர் அடித்துக் காட்டினால் வயதானவர் என்ன செய்வார்?

2021இல் ஒரு காலை நேரம், ஆபீஸுக்கு அப்பாவிடமிருந்து போன். "ஏம்ப்பா, தமிழ் வரமாட்டேங்குது. அம்மன்னு அடிச்சா என்னமோ ஆங்கில எழுத்தா வருது." சாயங்காலம் வந்து பார்த்தால், அவருடைய தமிழ்த் தட்டச்சுச் செயலியை ஆன்டிவைரஸ் தூக்கிக் குவாரன்டீனில், அதாவது ஓட முடியாதபடி தனியறையில், அடைத்து வைத்திருக்கிறது. காரணம் யோசித்தால் புரிகிறது. நாம் அழுத்தும் ஒவ்வொரு விசையையும் நடுவில் பிடித்து அதற்குப் பதில் தமிழ் எழுத்தைப் போடுவதுதான் அந்தச் செயலியின் வேலை. பாஸ்வேர்டு திருடும் கீலாகர் செய்வதும் பாதி அதேதான், விசையை நடுவில் பிடிப்பது. நடத்தையை வைத்துச் சந்தேகப்படும் ஆன்டிவைரஸ், வித்தியாசம் தெரியாமல் பிடித்துவிட்டது. மீட்டெடுத்து, ஆன்டிவைரஸ் தொடக் கூடாதவை என்று ஒதுக்கிவைக்கும் எக்ஸ்க்ளூஷன் பட்டியலில் சேர்த்ததும் சரியாகிவிட்டது. ஒரு எச்சரிக்கை: செயலியை அதன் சொந்த இணையதளத்திலிருந்து இறக்கினீர்கள் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் இப்படிச் செய்யுங்கள். எக்ஸ்க்ளூஷனில் முழு ஃபோல்டரைச் சேர்க்காதீர்கள், அந்த ஒரு கோப்பு போதும்.

இதில் என்னை உறுத்தியது வேறு. பிடித்தபோது அது அறிவிப்புக் காட்டியிருக்கிறது. அப்பா அதை மூடியிருக்கிறார். "தெனம் பத்து வருது, அதுல இது எதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். நியாயம்தான். புலி வருது கதையில் நாம் எப்போதும் பையனைத்தான் திட்டுவோம். இங்கே கத்துவது ஆன்டிவைரஸ், ஆடு நம்முடையது.

புலி 2022 ஜூனில் வந்தது, ஜெராக்ஸ் கடை பென் டிரைவில். மனைவி வினாத்தாள் பிரிண்ட் எடுத்து வந்த டிரைவை அப்பா செருகினார், ஏதோ அறிவிப்பு வந்தது, வழக்கம்போல மூடினார். திறந்தால் எல்லா ஃபோல்டருக்கும் மூலையில் சின்ன அம்புக்குறி. பார்த்தவர்களுக்குத் தெரியும், ஷார்ட்கட் வைரஸ். உண்மையான ஃபோல்டர்களை மறைத்துவிட்டு, அதே பெயரில் போலிக் குறுக்குவழிகளை வைக்கும். அதைச் சொடுக்கினால் ஃபோல்டரும் திறக்கும், பின்னால் வைரஸும் ஓடும். நல்லவேளை, ஆன்டிவைரஸ் ஓடவிடாமல் தடுத்திருந்தது. கோப்புகளும் அழியவில்லை, கட்டளைத் திரையில் ஒரே வரி தட்டி மறைந்ததையெல்லாம் வெளியே கொண்டுவந்தேன். ஆனால் அன்றைய அறிவிப்பு, ஸ்கேன் செய்யவா என்று கேட்கும் வகை. அவர் மூடியது அந்தக் கேள்வியை.

அப்போதுதான் ஒரு காரியம் செய்தேன். பழைய பால் கணக்கு நோட்டை அப்பாவிடம் கொடுத்து, மூலையில் என்ன வந்தாலும் தேதி போட்டு ஒரு வரி எழுதச் சொன்னேன். வங்கிக்காரர், விடுவாரா. இரண்டு வாரத்தில் 41 வரி, நேரத்தோடு. அதில் பாதுகாப்பு சம்பந்தப்பட்டவை இரண்டு. விளம்பரமும் லைசென்ஸ் புதுப்பிப்பும் 23. மிச்சம் 16 எனக்கே புரியவில்லை. "உங்கள் கம்ப்யூட்டரில் 5 வைரஸ்கள்" என்பது மாதிரி, இலக்கணப் பிழையோடு.

முதலில் அந்த 23ஐப் பார்த்தேன். ஆன்டிவைரஸ் செட்டிங்ஸில் சைலன்ட் மோடு என்று ஒன்று இருந்தது. போட்டால் எல்லாமே அமைதி, பென் டிரைவ் கேள்வியும் சேர்ந்து. அது வேண்டாம். நாலு மெனு உள்ளே போனால் செய்திகள், சலுகைகள் என்று தனித்தனியாக டிக் இருந்தது. எடுத்துவிட்டேன், பாதி குறைந்தது. லைசென்ஸ் நினைவூட்டலுக்கு மட்டும் டிக்கே இல்லை.

சரி, விண்டோஸ் செட்டிங்ஸிலேயே அடைத்துவிடலாம் என்று சிஸ்டம், நோட்டிஃபிகேஷன்ஸ் பக்கம் போய் அந்தச் செயலியின் பொத்தானை அணைத்தேன். அடுத்த நாளும் வந்தது! இதைப் பலர் கேட்கிறார்கள் என்பதால் கொஞ்சம் விளக்குகிறேன். மூலையில் வருவதெல்லாம் ஒரே ஜாதியல்ல. ஒரு வகை, செயலி விண்டோஸிடம் கொடுத்து, விண்டோஸ் காட்டும் அறிவிப்பு. இதை விண்டோஸ் அணைக்கலாம். இன்னொரு வகை, செயலி தானே வரைந்து அதே மூலையில் நிறுத்தும் சின்ன ஜன்னல். விண்டோஸுக்கு அது அறிவிப்பு என்றே தெரியாது. கண்டுபிடிப்பது சுலபம். தானாக மறைந்த பிறகு அறிவிப்புப் பலகையைத் திறந்து பாருங்கள். விண்டோஸ் 11இல் விண்டோஸ் விசையோடு ‘என்’ எழுத்து. அங்கே பட்டியலில் நின்றால் முதல் வகை. தடமே இல்லையென்றால் பெரும்பாலும் இரண்டாம் வகை. அந்தச் செயலிக்குள்ளேயேதான் அணைக்க வேண்டும், அல்லது செயலியையே அனுப்ப வேண்டும்.

புரியாத அந்தப் 16 தான் சுவாரஸ்யம். ஒன்றை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பெரிதாக்கிப் பார்த்தேன். கேடயப் படம் இருந்தது, சிவப்பு இருந்தது, அடியில் பொடி எழுத்தில் குரோம் என்றும் ஒரு இணைய முகவரியும் இருந்தன. ஆன்டிவைரஸுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை! அப்பா ராசிபலன் தேடிப் போன ஏதோ ஒரு தளம் அறிவிப்பு அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறது, அவர் அலவ் கொடுத்திருக்கிறார். அதிலிருந்து அந்தத் தளம் நினைத்த நேரத்துக்கு வைரஸ் பயம் காட்டியிருக்கிறது. சொடுக்கினால் போலி ஸ்கேன் பக்கம், அப்புறம் போன் நம்பர், அப்புறம் பணம். நான் ஒரு வருடமாக ஆன்டிவைரஸைத் திட்டியதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேறு யாருக்கோ போக வேண்டிய திட்டு.

குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ். அங்கே அனுமதி பெற்ற தளங்கள் 11 இருந்தன. ஒன்றுகூட வேண்டாம். எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, இனி எந்தத் தளமும் கேட்கவே கூடாது என்ற தேர்வையும் போட்டேன். ஐந்து நிமிட வேலை. உங்கள் வீட்டில் தொல்லை என்றால் எதையும் நீக்குவதற்கு முன்னால் முதலில் இதைப் பாருங்கள்.

2022 டிசம்பரில் மூன்று வருடம் முடிந்தது. கடைசி இரண்டு மாதம் தினமும் ஆரஞ்சு நிற ஜன்னல், மூடும் பெருக்கல் குறி மூலையில் மங்கலாக. புதுப்பிக்கவில்லை. அன்இன்ஸ்டால் செய்யும்போது, நிஜமாகவா, ஆபத்தாயிற்றே, பாதி விலைக்குத் தருகிறோமே என்று மூன்று தரம் கேட்டது. கல்யாண வீட்டில் பாதியில் எழுந்தால்கூட இவ்வளவு உபசாரம் கிடையாது. நீக்கிய பிறகும் பின்னணியில் ஏதோ மிச்சம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நிறுவனமே தரும் நீக்கும் கருவியை ஓட்டியதும்தான் முழுதாகப் போனது. பெரிய ஆன்டிவைரஸ்கள் பலவற்றுக்கும் இப்படி ஒரு கருவி உண்டு.

இப்போது விண்டோஸோடு வரும் டிஃபெண்டர்தான். வெளி ஆன்டிவைரஸ் இருக்கும்வரை ஒதுங்கியிருக்கும், அது போனதும் தானாக எழுந்துகொள்ளும். தனியாக எதையும் நிறுவத் தேவையில்லை. இலவசம் என்றால் மட்டமாக இருக்குமே என்ற சந்தேகம் எனக்கும் இருந்தது. ஜெர்மனியின் மக்டெபர்க் நகரத்தில் ஏவி-டெஸ்ட் என்று ஒரு பரிசோதனை நிறுவனம் இருக்கிறது. பாதுகாப்பு, வேகம், பயன்பாடு என மூன்றுக்கும் தலா 6, மொத்தம் 18 மதிப்பெண். டிஃபெண்டர் பல தடவை 18க்கு 18 வாங்கியிருக்கிறது. அங்கே பயன்பாடு என்பது, நல்ல கோப்பை வைரஸ் என்று தப்பாகச் சொல்கிறதா என்பதைப் பற்றியது. விபிஎன் வாங்கச் சொல்லி நச்சரிப்பதற்கும் மதிப்பெண் குறைத்தால் நன்றாக இருக்கும்.

இதிலும் ஒன்றை மட்டும் அணைத்தேன். விண்டோஸ் செக்யூரிட்டிக்குள் செட்டிங்ஸில் மேனேஜ் நோட்டிஃபிகேஷன்ஸ். அங்கே சமீபத்திய ஸ்கேன் முடிவுகள் என்ற வகையை எடுத்துவிட்டேன். ஆபத்து கண்டுபிடித்தது, கோப்பைத் தடுத்தது ஆகிய இரண்டையும் தொடவில்லை. அவை வந்தே ஆக வேண்டும்.

சத்தத்தைக் குறைத்த பிறகு மணி அடிக்கிறதா என்று பார்க்க வேண்டாமா? அதற்கென்றே ஐகார் என்ற ஆன்டிவைரஸ் ஆய்வு அமைப்பின் சோதனைக் கோப்பு இருக்கிறது. வெறும் 68 எழுத்து. யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யாது. ஆனால் ஆன்டிவைரஸ்கள் அதை வைரஸாகவே பாவிக்க வேண்டும் என்று ஏற்பாடு. ஐகார் அமைப்பின் தளத்திலிருந்து இறக்கினேன். முழுதாக இறங்குவதற்குள் மூலையில் நீலக் கேடயம். அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதுதான் அசல். கீழே இணைய முகவரி இருக்காது, எதையும் வாங்கச் சொல்லாது. இது வந்தா மட்டும் மூடாதீங்க." நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி அதைப் படமாகவே வரைந்து வைத்துக்கொண்டார், கேடயம் கொஞ்சம் வாழைப்பூ மாதிரி வந்திருந்தது.

குறை இல்லாமல் இல்லை. என்னுடையது பழைய ஹார்டு டிஸ்க் என்பதால் முழு ஸ்கேன் ஓடினால் அன்று வேறு வேலை ஆகாது. இரவில் போட்டுவிட்டுத் தூங்கப் போவேன். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேருக்கு எதிரான கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்ஸஸ் என்ற வசதியை ஆன் செய்த முதல் வாரம், அதற்குப் பழக்கமில்லாத செயலிகள் டாக்குமென்ட்ஸில் எழுதப் போகும்போதெல்லாம் தடுத்து அறிவிப்புக் காட்டியது. ஒவ்வொன்றாக அனுமதித்த பிறகு அடங்கிவிட்டது. 2023இல் விண்டோஸ் 11க்கு மாறியபோது இந்த செட்டிங்ஸை எல்லாம் இன்னொரு தரம் சரிபார்த்தேன்.

போன மாதம் பதினொரு மணி வாக்கில் அப்பா போன் செய்தார். "நீலக் கேடயம் வந்திருக்கு. அடியில முகவரி இல்லை. மூடலை, அப்படியே வெச்சிருக்கேன்."

"பென் டிரைவ் செருகினீங்களாப்பா?"

"பென்ஷனர் சங்கத்துல குடுத்தது. அதைப் பிடுங்கிக் கவர்ல போட்டு, மேலே தேதி எழுதிட்டேன். சங்கத்துக்கும் சொல்லியாச்சு. நீ வந்து பாரு, அவசரமில்லை."